விட்டுச் செல்லப்பட்டவர்கள்

கோப்பை கழுவுகிறவனுக்குப் புத்தகம் எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். இந்தப் புத்தகம் எனக்குக் கோப்பை கழுவுமிடத்திலிருந்தே வந்தது. கிழக்கு லண்டனில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் கிச்சினில் என்னோடு நிற்கும் நைஜீரியப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் எல்லோரும் அன்ரி என்றே கூப்பிடுவோம். ஒருநாள் இரவு வேலை முடிந்து ஏப்ரனைக் கழற்றும்போது பைக்குள்ளிருந்து தடித்த புத்தகமொன்றை எடுத்து நீட்டினார். அட்டை மடிந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை. “நீ படிக்கிற பெடியன்தானே, இதைப் படி” என்றார். (அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.) பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவனை முப்பத்தெட்டு வயதிலும் படிக்கிற பெடியன் என்று சொல்ல ஒருவர் இருக்கிறார் என்ற சந்தோசத்தில் வாங்கிக்கொண்டேன்.

புத்தகத்தின் பெயர் ‘லெஃப்ற் பிஹைன்ட்’. ரிம் லாஹே, ஜெரி ஜென்கின்ஸ் என்ற இருவரின் பெயரில் 1995 இல் அமெரிக்காவில் வெளிவந்த நாவல். லாஹே வேதாகமத் தீர்க்கதரிசனங்களை விளக்கிக் கொடுக்க, ஜென்கின்ஸ் கதையாக எழுதினார். அது வளர்ந்து வளர்ந்து 2007 இல் பதினாறாவது தொகுதியோடு நின்றது. எல்லாமாக ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. நமது சிறுபத்திரிகைக்காரர்கள் இந்தத் தொகையைக் கேட்டால் உலக முடிவு வந்துவிட்டதென்றே நம்புவார்கள்.

தலைப்பைத் தமிழில் சொல்வதானால் ‘விட்டுச் செல்லப்பட்டவர்கள்’ என்று சொல்லலாம். நம்மில் யாருக்கு இந்தச் சொல் உறைக்காமல் போகும்? யாரையோ விட்டுவிட்டு வந்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும். எனவே நான் நடுநிலையாகப் படிக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சைவக் குடும்பத்தில் பிறந்து, இப்போது எதிலும் சேராமல் இருப்பவன் நான். ஈஸ்ற்ஹாம் வீதியில் துண்டுப்பிரசுரம் நீட்டி ‘யேசு சீக்கிரம் வருகிறார்’ என்று சொல்லும் தமிழ்ச் சகோதரர்களைக் கண்டால் மற்றப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுகிறவன்.

கதை இதுதான். சிக்காகோவிலிருந்து லண்டனை நோக்கி அத்திலாந்திக்கின் மேல் இரவில் பறந்துகொண்டிருக்கிறது ஒரு ஜம்போ விமானம். விமானியின் பெயர் ரேஃபோர்ட் ஸ்ரீல். வீட்டில் அண்மைக்காலமாகப் பக்தி முற்றிய மனைவி. அவனது மனமோ விமானப் பணிப்பெண்ணிடம். அந்த நேரத்தில் பயணிகளில் பலரைக் காணவில்லை. எழுந்து போனவர்களல்ல, இருந்த இருக்கையிலேயே மறைந்துபோனவர்கள். உடுப்பு, சப்பாத்து, கண்ணாடி, மோதிரம் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ஒரு மூதாட்டி தன் கணவனின் உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தேடுகிறாள். விமானம் திரும்புகிறது. தரையில் வண்டியோட்டிகள் மறைந்த கார்கள் மோதிக் கிடக்கின்றன. உலகத்தில் ஒரு குழந்தைகூட மிச்சமில்லை. கருப்பையில் இருந்த சிசுக்களும் இல்லை. ரேஃபோர்ட் வீட்டுக்கு வருகிறான். படுக்கையில் மனைவியின் இரவுடை கிடக்கிறது, மகனின் அறையில் மகனின் உடுப்பு கிடக்கிறது. கிறிஸ்து தன்னுடையவர்களை இரகசியமாக எடுத்துக்கொண்டுவிட்டார். மிஞ்சியவர்களுக்கு ஏழு வருட உபத்திரவ காலமும் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சியும் காத்திருக்கின்றன.

முதல் ஐம்பது பக்கத்தையும் ஒரே இரவில் படித்தேன். மலிவான எழுத்து என்று சொல்லித் தள்ளிவிட முடியவில்லை. வசனங்கள் மலிவானவைதான். ஆனால் இருக்கையில் கிடக்கும் அந்த உடுப்பு மலிவானதல்ல.

அம்மாவின் இரும்புப் பெட்டியில் அண்ணாவின் நீலச் சேர்ட் ஒன்று இருக்கிறது. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பின் அண்ணாவைக் கண்டவர் எவருமில்லை. நான் அப்போது யாழ்ப்பாணத்தில், பாதை அடைபட்ட மறுபக்கத்தில் இருந்தேன். அந்தச் சேர்ட்டைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. ஆனால் ஆளில்லாத உடுப்பை ஒரு நாவலாசிரியன் எனக்குக் காட்டுவானாகில், அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்யப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கும் உரிமை எனக்கு உண்டு.

இவர்கள் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. மனைவி போயிருந்த சபையின் மூத்த போதகர், இப்படி நடந்தால் மிஞ்சப் போகிறவர்களுக்கென்று முன்கூட்டியே ஒரு வீடியோ பதிவுசெய்து வைத்திருக்கிறார். ரேஃபோர்ட் அதைப் போட்டுப் பார்க்கிறான். போனவர்கள் எங்கே, ஏன் போனார்கள், இனி என்ன நடக்கும், எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. அத்தோடு துக்கம் தகவலாக மாறிவிடுகிறது. அதன் பிறகு இந்தத் தொடரில் எவரும் உண்மையில் யாரையும் தேடுவதில்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் வீதியோரத்தில் உட்காரத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே செத்தும் போய்விட்டார்கள். அவர்களுக்கு யாரும் வீடியோ பதிவுசெய்து வைக்கவில்லை. காணாமற் போனவர்களைப் பற்றிய ஒரு நாவலில் ‘எங்கே?’ என்ற கேள்வி இருநூறு பக்கத்துக்குள் தீர்ந்துபோகுமானால், எழுதியவர்கள் காணாமற் போதலைப் பற்றி யோசிக்கவேயில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

குழந்தைகளின் விடயம் இன்னும் மோசம். பூமியிலுள்ள அத்தனை குழந்தைகளும் மறைந்துவிட்டார்கள். நாவலில் சில நாட்களுக்குள் விமானங்கள் மறுபடி பறக்கின்றன, தொலைபேசிகள் இயங்குகின்றன, பாத்திரங்கள் உணவகத்தில் கூடியிருந்து சாப்பிட்டபடி ஐக்கிய நாடுகள் சபையின் அரசியலைப் பேசுகிறார்கள். நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். யார் சமைத்தது? அந்தக் கிச்சினில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு சமையற்காரன் இருந்திருப்பானே? கோப்பை கழுவுகிறவளின் வயிற்றில் இருந்தது எங்கே போயிற்று? ஒரு வரிகூட இல்லை. விமானி, சஞ்சிகை எழுத்தாளன், போதகர், இவர்கள்தான் உலகம். தட்டுகள் தாமாகவே மேசைக்கு வருகின்றன. இப்படித் தட்டு தானாக வருகிற நாவல்கள் நம்மிடத்திலும் நிறைய உண்டு என்பது வேறு கதை.

அந்திக்கிறிஸ்துவாக வருகிறவன் நிக்கொலாய் கார்ப்பாத்தியா. ருமேனியாக்காரன், அழகன், பல பாஷை பேசுகிறவன், ஐ.நா.வின் செயலாளர் நாயகமாகிறான். ஆயுதங்களைக் களையச் சொல்கிறான், சமாதானம் பேசுகிறான். அதுவே அவனை இனங்காணும் குறி! 1951 ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் சமவாயத்தின் பெயரால் இந்த நாட்டில் நிற்கிற ஒருவன் இதை எப்படிப் படிப்பது? ஐ.நா.வின் மேல் எங்களுக்கும் கோபம் உண்டு. 2008 செப்ரம்பரில் அதன் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று அலுவலக வாசலில் சனங்கள் மன்றாடினார்கள். தாங்கள் தவறிவிட்டதை 2012 இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆனால் எங்கள் கோபம் அது உலகத்தை ஆள வருகிறதென்பதல்ல, அது எங்களை விட்டுவிட்டுப் போனதென்பது. லாஹேயின் வாசகன் ஐ.நா.வின் பலத்துக்குப் பயப்படுகிறான். நாங்கள் கண்டது அதன் பலவீனத்தை.

*

நாவலை மூடியபின் ஒரு கேள்வி மிஞ்சியது. இது ஒரு அமெரிக்கக் கதைப்புத்தகம் மட்டும்தானா, இல்லை பப்ரிஸ்ற் விசுவாசமே இதுதானா? லாஹே கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் கால் நூற்றாண்டு பப்ரிஸ்ற் சபையொன்றின் போதகராக இருந்தவர். அன்ரியும் பப்ரிஸ்ற். எனக்கோ அந்தப் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்தானுக்கு மெதடிஸ்ற் தெரியும், அமெரிக்க மிஷன் தெரியும், அங்கிலிக்கன் தெரியும், ஏனென்றால் அவர்களுடைய பள்ளிக்கூடங்களுக்கு வேலி பாய்ந்திருக்கிறான். பப்ரிஸ்ற் மிஷன் 1812 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டாலும் கொழும்பையும் சிங்களப் பகுதிகளையும் சார்ந்தே பெரும்பாலும் வேலை செய்தது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரியோடு அவருடைய சேர்ச்சுக்குப் போனேன்.

மாதா சொரூபம் இல்லை, மெழுகுதிரி இல்லை, தூபம் இல்லை. வெள்ளையடித்த ஒரு மண்டபம், நடுவில் பிரசங்க மேடை. அன்று ஞானஸ்நானம் இருந்தபடியால் மேடையின் தரைப்பலகைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி. குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிப்பது இவர்களிடம் இல்லை. தன் வாயால் விசுவாசத்தைச் சொல்லக்கூடிய ஆள்தான் இறங்கவேண்டும். முழுக்கத்தான் அமிழ்த்துவார்கள். இருபது வயதுப் பெண்பிள்ளையொருத்தி நடுங்கிய குரலில் தன் கதையைச் சொல்லிவிட்டு இறங்கினாள். இரண்டு பேர் பிடித்து அவளைப் பின்பக்கமாகச் சாய்த்து அமிழ்த்தித் தூக்கியதும் சபை பாடியது. கிரியை முடிந்து கீரிமலையில் முழுகி எழும்பும் மனிதர்களின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு முடிவு, அதற்குப் பின்னாலும் ஒரு வீடு திரும்பல்.

பிறகு திருவிருந்து. துண்டு போட்ட பாண், விரலளவு கண்ணாடிக் கோப்பைகளில் திராட்சைச் சாறு. வைன் இல்லை. எல்லோருக்கும் கிடைக்கும்வரை காத்திருந்து ஒன்றாகக் குடிக்கிறார்கள். கிறிஸ்து திரும்பி வரும்வரைக்கும் இதைச் செய்யவேண்டுமென்பது பவுலின் கட்டளை. ஆக, இறுதிக்காலம் ஒவ்வொரு திருவிருந்திலும் அந்தச் சின்னக் கோப்பையில் இருக்கிறது. அதற்குக் கார்ப்பாத்தியா தேவையில்லை. ஆராதனை முடிந்ததும் அன்ரி என்னைப் பின்பக்கம் இருந்த கிச்சினுக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கோப்பைகளைக் கழுவவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையும் கழுவினேன்.

தேநீர் நேரத்தில் பாஸ்ரரிடம் நாவலைப் பற்றிக் கேட்டேன். ஆங்கிலேயர், நிதானமான மனிதர். சிரித்தார். இறுதிக்காலத்தைப் பற்றிப் பப்ரிஸ்ற்றுகளுக்கு ஒரே கொள்கை என்று ஒன்றில்லை என்றார். அதன் பிறகு நூலகத்தில் இருந்து படித்துப் பார்த்ததில் அவர் சொன்னது சரியென்றே தெரிந்தது. ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும் சமயம் இது. மேலே இருந்து இதைத்தான் நம்பு என்று சொல்ல ஆளில்லை. லண்டன் பப்ரிஸ்ற்றுகளின் 1689 ஆம் ஆண்டு விசுவாச அறிக்கை கடைசி நியாயத்தீர்ப்பு உண்டு என்கிறது, அந்த நாள் மனிதருக்கு மறைக்கப்பட்டிருக்கிறது என்கிறது, அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சிக்கு முன்னர் அவர் வருவாரா, பின்னர் வருவாரா, ஆயிரம் என்பதே ஓர் உருவகமா என்பதில் ஆளுக்கொரு பக்கம். 1793 இல் வங்காளம் போன வில்லியம் கேரியின் தலைமுறையினர் பலர், சுவிசேஷம் பரவப் பரவ உலகம் திருந்தும், அதன் பிறகே வருகை என்று நம்பினார்கள்.

அவசரப்பட்டவர்களும் இவர்களுக்குள்ளிருந்தே வந்தார்கள். வில்லியம் மில்லர் நியூயோர்க் மாநிலத்து விவசாயி, பப்ரிஸ்ற் பிரசங்கி. தானியேல் புத்தகத்திலுள்ள 2300 நாட்களை வருடங்களாக எண்ணி, கிறிஸ்துவுக்கு முன் 457 இலிருந்து கூட்டி, ஏறக்குறைய 1843 இல் வருகை என்றார். அந்த ஆண்டு கழிந்தபின் அவரைப் பின்பற்றியவர்கள் 1844 ஒக்ரோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டார்கள். 23 ஆம் திகதியும் வழமைபோல விடிந்தது. தான் பிழைவிட்டதை மில்லர் அடுத்த வருடமே அச்சில் ஒப்புக்கொண்டார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. விடிந்தால் எல்லாம் முடிந்துவிடும், அடுத்த தைக்குள் எல்லாம் கிடைத்துவிடும் என்று நாள் குறித்துக் காத்திருந்த சனத்தில் ஒருவன் நான். எங்களுக்கு நாள் குறித்துக் கொடுத்தவர்களில் பிழையை அச்சில் ஒப்புக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

இரகசிய வருகை என்ற கொள்கையின் தாய்வீடும் பப்ரிஸ்ற் சபையல்ல. அதைப் பரப்பியவர் ஜோன் நெல்சன் டார்பி என்ற, அயர்லாந்தில் அங்கிலிக்கன் குருவாக இருந்து பிரிந்துபோன பிறதரன் சபைக்காரர். காலம் 1830கள். கிறிஸ்து இரண்டு கட்டமாக வருவார், முதலில் இரகசியமாகத் தன்னுடையவர்களை எடுத்துக்கொள்ளவும் ஏழு வருடத்துக்குப் பின் வெளிப்படையாக ஆளவும் என்பது அவருடைய ஒழுங்கு. 1909 இல் வந்த ஸ்கோஃபீல்ட் அடிக்குறிப்பு வேதாகமம் அதை அமெரிக்காவின் பப்ரிஸ்ற் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடிக்குறிப்பு மூலத்தை விழுங்கியது என்று சொல்லலாம். நம் உரையாசிரியர்களின் நாட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியாத விடயமல்ல.

மூலம் என்ன சொல்கிறது? இந்த முழுக் கட்டிடமும் நிற்கிற முக்கிய தூண், பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நாலாம் அதிகாரம். ஏன் எழுதினார் என்பதைப் பாருங்கள். அந்தச் சபையில் சிலர் செத்துப்போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு ஏக்கம், கிறிஸ்து வரும்போது எங்கள் செத்தவர்கள் தவறிப்போய்விடுவார்களோ என்று. பவுல் சொல்லும் பதில், இல்லை, அவர்கள்தான் முதலில் எழுவார்கள், உயிரோடிருக்கும் நாங்கள் அவர்களை முந்துவதில்லை என்பது. இதைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றச் சொல்கிறார். அதாவது, பறிகொடுத்தவர்களுக்கு எழுதிய ஆறுதல் கடிதம் அது. டார்பி அதை ஒரு கால அட்டவணையாக்கினார். லாஹே அதை விடப்படப் போகிறவர்களுக்கான எச்சரிக்கை நோட்டீசாக்கினார்.

பாஸ்ரர் இன்னொன்றும் சொன்னார். மேகத்தில் ஆண்டவரைச் சந்திக்கப் போவதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல், ஓர் அரசனோ பெரியவரோ ஊருக்கு வரும்போது சனங்கள் ஊரெல்லைக்குப் போய் அழைத்து வருவதற்குப் பயன்பட்ட சொல்லாம். எனக்கு உடனே பொறிதட்டியது, வீட்டுக்கு வந்து தமிழ் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தேன். மொழிபெயர்த்தவர்கள் அங்கே போட்டிருக்கும் சொல் ‘எதிர்கொண்டுபோக’. தமிழில் எதிர்கொள்ளப் போகிறவன் வந்தவரோடு சேர்ந்து வெளிநாடு போய்விடுவதில்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் படலையடியில் எதிர்கொண்டால் வீட்டுக்குள்ளேதான் கூட்டிக்கொண்டு வருவோம். மத்தேயுவில் விளக்கோடு மணவாளனை எதிர்கொள்ளப் போகும் கன்னியரும் அவனோடு கலியாண வீட்டுக்குள்தான் வருகிறார்கள். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை நின்று கேட்டிருந்தால் போதும், பதினாறு தொகுதிக்கும் அத்திவாரம் ஆட்டம் கண்டிருக்கும். போதலில்லை அது, அழைத்து வரல்.

*

ஆச்சரியம் என்னவென்றால், பப்ரிஸ்ற்றுகளின் தொடக்கமே இந்தப் போதலையும் திரும்பலையும் பற்றிய ஒரு வழக்குத்தான். 1609 இல் அம்ஸ்ரர்டாமில், இங்கிலாந்தின் அரச சபையிலிருந்து தப்பி ஓடிவந்த ஆங்கிலேய அகதிகள் சிலர் ஜோன் ஸ்மித் என்பவரின் தலைமையில் மறுபடி ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்கள். அவர்கள் அங்கே தங்கியிருந்தது ஒரு ரொட்டிச்சாலைக் கட்டிடத்தில். (அகதிக்கும் அடுப்படிக்கும் உள்ள உறவு நாங்கள் தொடக்கிவைத்ததல்ல.) அவர்களில் ஒருவர் தோமஸ் ஹெல்விஸ். கொஞ்சக் காலத்தில் அவருக்கு மனம் குத்தத் தொடங்கியது. துன்பத்துக்குப் பயந்து ஓடிவந்தது பிழை, அங்கே விடப்பட்டவர்களுக்கு யார் சொல்வது என்று வாதிட்டு, சிறு கூட்டத்தோடு லண்டனுக்குத் திரும்பிப் போய், 1612 அளவில் நகர மதிலுக்கு வெளியே ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸில் இங்கிலாந்து மண்ணின் முதல் பப்ரிஸ்ற் சபையைத் தொடங்கினார்.

ஹெல்விஸும் இறுதிக்காலக்காரர்தான். வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் மிருகம் ரோமச் சபை, இரண்டாம் மிருகம் இங்கிலாந்தின் அரச சபை என்று எழுதினார். ஆனால் அந்த வாசிப்பு அவரை மிருகம் இருந்த இடத்துக்கே கொண்டுபோனது. அரசனும் மனிதன்தான், அவனுக்கு மனிதரின் ஆத்துமாவின் மேல் அதிகாரம் இல்லை, யூதரானாலும் துருக்கரானாலும் அவரவர் விசுவாசத்துக்காக மண்ணுலக அதிகாரம் தண்டிக்கக் கூடாது என்று வாதிட்டார். இது 1612 இல்! நியூகேற் சிறையில் அடைத்தார்கள். 1616 அளவில் அவர் உயிரோடில்லை.

ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் நான் வேலை முடிந்து பஸ் பிடிக்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரம். இப்போது பக்கத்தில் வங்காளிகளின் கறிக்கடைகள். அந்த வழியால் நடக்கும்போதெல்லாம் ஹெல்விஸோடு மனதுக்குள் சண்டை பிடிப்பேன். ஓடிவந்தது பிழை என்று சொல்ல நீ யார்? ஓடாதவர்கள் எல்லோரும் என்ன ஆனார்கள் என்று தெரியுமா? அவர் சொன்னது சரியென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, ஒப்புக்கொண்டால் நாளைக்கு நான் கட்டுநாயக்காவில் இறங்கவேண்டும். ஆனால் விட்டுவிட்டு வந்தவர்களை நினைத்து நித்திரை கெட்ட ஒரு மனிதன் என்பதில் சந்தேகமில்லை. லாஹேயின் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்களில் எவருக்கும் நித்திரை கெட்டதாகச் சேதியில்லை.

ஜோன் பன்யனுக்குக் கெட்டது. பப்ரிஸ்ற்றுகள் தங்களவர் என்று கொண்டாடும் இந்தப் பாத்திரம் திருத்துகிற தொழிலாளி, அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 இலிருந்து 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் இருந்தவர். அவரது ‘மோட்சப் பிரயாணம்’ 1678 இல் வந்தது. அதைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிக’த்தைப் பாடி 1894 இல் வெளியிட்டார். பன்யனின் கதையும் உலக முடிவில்தான் தொடங்குகிறது. வானத்து நெருப்பால் அழியப்போகிற ஊர் என்று அறிந்த கிறிஸ்தியான் ஓடத் தொடங்குகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னால் நின்று கத்துகிறார்கள். அவன் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு ஓடுகிறான். நாவல் வரலாற்றில் இதைவிடக் கொடூரமான ஒரு புறப்பாட்டை நான் படித்ததில்லை. பன்யனுக்கும் அது தெரிந்திருக்கிறது. வழியில் ஓர் அரண்மனையில் அன்பு என்ற பெயருடைய பெண், குடும்பத்தை ஏன் கூட்டிவரவில்லை என்று அவனைக் கேட்கிறாள். அவன் அழுகிறான். அந்த இடத்தில் பன்யன் வீடியோ போட்டுக் காட்டவில்லை.

அதோடு விடவுமில்லை. ஆறு வருடம் கழித்து, 1684 இல், இரண்டாம் பாகம் எழுதி, விட்டுச் செல்லப்பட்ட மனைவி கிறிஸ்தியானாவையும் நாலு பிள்ளைகளையும் அதே வழியில் கூட்டிவந்தார். அரசனிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் ஸ்பொன்சர் கடிதம். பக்கத்து வீட்டுப் பெண் மேர்சியும் கூட வருகிறாள், அவளிடம் கடிதம் இல்லை. வாசலில் நாய் குரைக்கிறது. கிறிஸ்தியானாவையும் பிள்ளைகளையும் உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள். கடிதமில்லாத மேர்சி வெளியே நிற்கிறாள், பயத்தில் கதவைப் பலமாகத் தட்டிவிட்டு மயங்கி விழுகிறாள். கிறிஸ்தியானா உள்ளே நின்று அவளுக்காகப் பேசுகிறாள். வாசற்காரன் வந்து கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோகிறான். இலக்கியமாகப் பார்த்தால் இரண்டாம் பாகம் முதலாவதைவிடத் தளர்வானது, உபதேசம் கூட, வேகம் குறைவு. விமர்சகர்கள் சொல்வது சரிதான். ஆனால் முதலாம் பாகத்தின் குற்றத்தை அறிந்து, திரும்பிப் போய் எழுதிய புத்தகம் அது. லாஹேயும் ஜென்கின்ஸும் பதினாறு தொகுதி எழுதியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

*

இவ்வளவையும் எழுதி முடித்து, என் வாதம் சரியாக இருக்கிறது என்ற திமிரோடு ஒருநாள் அன்ரியிடம் கேட்டேன். அவருக்கு ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள். பதினொரு வருடமாகக் காணவில்லை. அவருடைய விசா அலுவல் இழுபட்டுக்கொண்டே கிடக்கிறது. “இன்றைக்கு இரவு ஆண்டவர் உங்களை எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் என்ன பாடு?” என்றேன். தட்டைத் துடைத்தபடி சொன்னார்: “அவங்களை அங்கேயிருந்து எடுப்பார். என்னை இங்கேயிருந்து எடுப்பார். நடுவானத்தில சந்திப்பம். அதுக்கு ஒருத்தரும் முத்திரை குத்தத் தேவையில்லை.”

நான் பேசாமல் சட்டியைத் தேய்த்தேன். லாஹே விட்டுச் செல்லுதலை எழுதிய அதே பக்கங்களில் அன்ரி சேர்ந்துகொள்ளுதலைப் படித்திருக்கிறார். பவுல் கடிதம் எழுதிய ஆட்களைப் போல அவர் படித்திருக்கிறார். ஒரு மோசமான பிரதியை ஒரு நல்ல வாசகி அதற்கு மேலால் கொண்டுபோய்விட முடியும் என்பது, பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்தும் எனக்கு யாரும் சொல்லித்தராத விடயம். நாவலைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை. அன்ரியைப் பற்றிய அபிப்பிராயம் மாறியது.

எனக்கு விசா கிடைத்த வருடத்தில் அம்மாவை இங்கே எடுக்கலாமா என்று விசாரித்தேன். எடுப்பது லேசில்லை என்றார்கள். அதற்கு முன்னரே அம்மா போனில் மறுத்துவிட்டார். “நானும் வந்திட்டன் எண்டால், அவன் வாற நேரம் படலை திறக்க ஆர் நிக்கிறது?” பதினாறு வயதுக்குப் பிறகு நான் அம்மாவோடு கடவுளைப் பற்றிப் பேசியதில்லை. இதுவும் கடவுளைப் பற்றிய பேச்சல்ல.

அன்ரி இப்போது இரண்டாம் தொகுதியைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். நாற்பது பக்கத்துக்கு மேல் நகரவில்லை. பதிலுக்கு நான் பன்யனின் இரண்டாம் பாகத்தைக் கொடுத்தேன். இரவு பஸ்ஸில் படிக்கிறாராம். போன வெள்ளிக்கிழமை, மேர்சி வெளியே நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்.

“நாய் குரைக்குது. முடிவைச் சொல்லிப்போடாதை” என்றார்.